ஆற்று நீரில் களைக்கொல்லி: எதில் பிடித்து அனுப்புவது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: சித்தூர்ப் புழையோரத் தென்னந்தோப்பில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தெளித்த மூன்றாம் நாளே மழை கொட்டிவிட்டது. எங்கள் மாடுகள் இறங்கும் துறையில், அம்மாவின் ஊறுகாய்க் கண்ணாடி ஜாடியைக் கழுவித் தண்ணீர் எடுத்துவைத்திருக்கிறேன். சோதனைக்கு அனுப்பலாமா?

பழைய ஆய்வகத்தான்: ஜாடியை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். கிளைபோசேட் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அளவு குறைவாகக் காட்டும். புதிய பிளாஸ்டிக் பாட்டிலை ஆற்று நீரில் மூன்று முறை அலசி, ஓடும் நீரில் பிடித்து, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். இன்னொன்று: வழக்கமான பூச்சிக்கொல்லிச் சோதனையில் இது சிக்காது. பெயர் சொல்லித் தனியாகக் கேளுங்கள். நானே ஒருமுறை ‘இல்லை’ என்ற அறிக்கையைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: எவ்வளவு இருந்தால் பயப்பட வேண்டும், அண்ணா?

பழைய ஆய்வகத்தான்: ஐரோப்பாவில் குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். அது மிகக் கறாரான கணக்கு. மாட்டுத்துறைக்கு அப்படியே பொருத்தாதீர்கள். முதலில் ஆறு தோப்பைத் தொடும் முன் ஒரு பாட்டில், தாண்டிய பின் ஒரு பாட்டில் எடுத்து ஒப்பிடுங்கள்.