கப்பா, கிராமா?

குழு: தூத்துக்குடி வீடு
சனிக்கிழமை

ஜெனி, காலை 9:40
அத்தை, நேற்று ராத்திரி நாலு பாட்டிலில் ஊற்றிய மல்லிகை வாசனை மெழுகுவர்த்தியின் படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். மேலே வியர்த்த மாதிரி முத்து முத்தாக எண்ணெய் நிற்கிறது.

ஜெனி, 9:41
ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். சுடர் படபடவென்று அடித்து, கால் மணி நேரத்தில் திரி கறுத்து அணைந்துவிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கோயிலில் நாற்பது கேட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

ஸ்டெல்லா அத்தை, 9:52
எண்ணெய் கூடிவிட்டது கண்ணு. எந்த மெழுகு, எப்படி அளந்தாய்? ஒன்று விடாமல் சொல்.

ஜெனி, 9:55
சோயா மெழுகு. செதில் செதிலாக வருமே, அதுதான். என் கப் 250 மில்லி. நாலு கப் போட்டேன், அதாவது ஒரு கிலோ. வாசனை எண்ணெய் 8 சதவீதம் என்று பையில் போட்டிருந்தது. அளவு கோடு போட்ட டம்ளரில் 80 மில்லி எடுத்து ஊற்றினேன்.

ஸ்டெல்லா அத்தை, 9:58
அங்கேதான் தப்பியது. நாலு கப் ஒரு கிலோ என்பது தண்ணீருக்குச் சரி. செதிலுக்கு நடுவில் எவ்வளவு காற்று இருக்கிறது! கேக் செய்ய வாங்கினாயே, அந்தத் தராசை எடு. அதே கப்பில் அதே செதிலை அள்ளி எடை போட்டுச் சொல்.

ஜெனி, 10:15
வெறும் கப்பை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு எடை போட்டேன். 130 கிராம்தான் அத்தை!

ஜெனி, 10:16
அப்புறம் கப்பை மேசையில் இரண்டு தட்டு தட்டினேன். செதில் இறங்கிவிட்டது. மேலே நிரப்பினால் 148 காட்டுகிறது. அதே கப், அதே மெழுகு.

ஸ்டெல்லா அத்தை, 10:24
பார்த்தாயா? அப்படியானால் நீ போட்டது ஒரு கிலோ இல்லை, ஏறக்குறைய 520 கிராம். மீதி எண்ணெயில் 80 மில்லி எடுத்து அதையும் எடை போடு.

ஜெனி, 10:31
78 கிராம்.

ஸ்டெல்லா அத்தை, 10:33
520க்கு 78 என்றால் 15 சதவீதம். பெரும்பாலான சோயா மெழுகு 10 சதவீதத்துக்கு மேல் எண்ணெயைப் பிடித்து வைக்காது. பிடிக்காத எண்ணெய்தான் மேலே முத்தாக நிற்கிறது. அது திரியை அடைக்கும், சில நேரம் மேலே தீயே பிடிக்கும். அந்த நாலு பாட்டிலையும் யாருக்கும் கொடுத்துவிடாதே. மாதிரிக்குக்கூட வேண்டாம்.

அம்மா, 10:40
அரிசியை நாம் காலங்காலமாக ஆழாக்கில்தானே அளக்கிறோம் ஸ்டெல்லா? ஒரு நாளும் தப்பியதில்லையே.

ஸ்டெல்லா அத்தை, 10:46
உண்மைதான் அண்ணி. ஆனால் அங்கே அரிசியும் தண்ணீரும் ஒரே ஆழாக்கு. புது அரிசி, பழைய அரிசி என்று பார்த்துத் தண்ணீரைக் கூட்டிக் குறைக்க உங்கள் கைக்குத் தெரியும். இதில் சதவீதம் எல்லாமே எடைக்குப் போட்டது. நாம் கப்பில் அளந்தால் அந்தக் கணக்கே நமக்குப் பொருந்தாது.

அருள் அண்ணன், 11:05
செதில் சரி அத்தை, அதில் காற்று இருக்கிறது. உருக்கிய பிறகு கப்பில் அளக்கலாமே? எண்ணெயும் திரவம்தானே, அதையாவது மில்லியில் எடுத்தால் என்ன?

ஸ்டெல்லா அத்தை, 11:18
உருகிய மெழுகு சூட்டில் பெருத்திருக்கும் அருள். 250 மில்லி கப்பில் 215 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். இன்னும் சூடாக்கினால் அதுவும் குறையும். பாரஃபின் மெழுகை அச்சில் ஊற்றினால் ஆறும்போது நடுவில் குழி விழுகிறதே, அது பெருத்தது சுருங்குவதுதான்.

ஸ்டெல்லா அத்தை, 11:22
எண்ணெயிலும் ஒன்று போல் ஒன்று கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார், நேரே அடியில் போய் உட்காரும். எலுமிச்சை எண்ணெய் மேலே படர்ந்து மிதக்கும். 100 மில்லி எலுமிச்சை எண்ணெய் 85 கிராம், கிராம்பு எண்ணெய் 105 கிராம் வரை வரும். மில்லியில் அளந்தால் வாசனையை மாற்றும்போதெல்லாம் சதவீதம் மாறும்.

பெரியப்பா, 11:40
சமையல் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள் பிள்ளைகளா. என் கையில் இருப்பதில் 1 லிட்டர், 910 கிராம் என்று இரண்டும் போட்டிருக்கிறது. முன்பு சில கம்பெனிகள் 60 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் என்று அச்சடித்துக்கொண்டிருந்தன. சோயா எண்ணெய் 30 டிகிரியில் ஒரு லிட்டர் 913 கிராம், 60 டிகிரியில் 892 கிராம்தான். வாங்குகிறவனுக்கு ஏறக்குறைய 20 கிராம் நஷ்டம். 2022இல் மத்திய அரசு, வெப்பநிலை போடாமல் அளவோடு எடையையும் போடுங்கள் என்று சொன்னது. ஸ்டெல்லா சொல்வதும் அதே நியாயம்தான்.

ஸ்டெல்லா அத்தை, 11:44
இது எனக்குத் தெரியாது அண்ணா! ரொம்ப நல்ல உதாரணம்.

அம்மா, 11:50
அப்படியென்றால் கல்லறைத் திருநாளுக்கு நாம் ஊற்றும் மெழுகுவர்த்திக்கும் தராசு வேண்டுமா? மக்கில் மொண்டுதானே ஊற்றுகிறோம்.

ஸ்டெல்லா அத்தை, 11:57
ஊற்ற மக்கே போதும் அண்ணி. அச்சு நிறைந்தால் சரி. ஆனால் கெட்டியாக இருக்க ஸ்டியரிக் அமிலம் சேர்க்கிறோம் இல்லையா, அது 10 கிலோ பாரஃபினுக்கு 1 கிலோ. அதை உருக்குவதற்கு முன்னால், கட்டியாகவும் தூளாகவும் இருக்கும்போதே எடை போட வேண்டும். கொதிக்கிற பாத்திரத்தைத் தராசில் வைத்தால் தராசும் கெடும், எண்ணும் ஆடும்.

ஜெனி, 12:10
பாட்டிலுக்கு எவ்வளவு மெழுகு என்று எப்படிக் கண்டுபிடிப்பது அத்தை?

ஸ்டெல்லா அத்தை, 12:14
வெறும் பாட்டிலை வைத்துப் பூஜ்யம் ஆக்கு. வேண்டிய உயரம் வரை தண்ணீர் ஊற்று. உருகிய மெழுகு தண்ணீரைவிட லேசு, அதனால் 200 கிராம் காட்டினால் அதை 0.86ஆல் பெருக்கு, 172 கிராம் கலவை வேண்டும். அப்புறம் பாட்டிலை ஈரமில்லாமல் துடைத்துவிடு. ஒரு சொட்டு தண்ணீர் இருந்தாலும் எரியும்போது சுடர் படபடவென்று தெறிக்கும். சாயத்துக்கு மட்டும் உன் தராசு போதாது, அது ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. புள்ளி பூஜ்யம் ஒன்று காட்டும் சின்னத் தராசு வேண்டும். என்னுடையதைத் தருகிறேன்.

ஜெனி, 12:20
நாலு பாட்டிலும் வீண்தானா?

ஸ்டெல்லா அத்தை, 12:26
வீணே இல்லை. திரியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெதுவாக உருக்கு. உள்ளே 78 கிராம் எண்ணெய். அது 8 சதவீதம் ஆக வேண்டுமானால் மொத்த மெழுகு 975 கிராம். 520 ஏற்கெனவே இருக்கிறது. புதுச் செதில் 455 கிராம் சேர். எடை போட்டு!

ஜெனி, மாலை 5:35
சேர்த்துவிட்டேன் அத்தை. 455 கிராம் செதில் மூன்றரை கப் வந்தது. இப்போது ஏழு பாட்டில், புதுத் திரி. மேலே வழவழவென்று இருக்கிறது, முத்து இல்லை.

ஸ்டெல்லா அத்தை, 5:41
நல்லது கண்ணு. மூடி ஒரு வாரம் வை, அதற்கு முன்னால் ஏற்றாதே. அடுத்த சனிக்கிழமை வருகிறேன், சேர்ந்து ஏற்றிப் பார்ப்போம்.

அம்மா, 5:48
வரும்போது பெரிய அச்சையும் கொண்டு வா ஸ்டெல்லா. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒன்றும் ஊற்றவில்லை.