நம்பிக்கை இல்லாததால்தான் பணம் தங்கவில்லையா? தம்பிக்கு என்ன பதில் சொல்வது?

நீலவானம் (கேள்வி):

என் தம்பி இப்போது வசதியாக இருக்கிறான். சொந்தத் தொழில், வீடு, கார் எல்லாம் ஒரு பிரார்த்தனைக் குழுவில் சேர்ந்த பிறகு வந்தவை. கடவுள் கொடுத்தார் என்கிறான். அவன் நம்பிக்கை அவனுக்கு, அதில் நான் தலையிட்டதே இல்லை.

ஆனால் என் கணவருக்கு வேலை போனபோது போன் பண்ணி, "அக்கா, உனக்கு விசுவாசம் கிடையாது, அதான் உங்க வீட்டுல காசு தங்க மாட்டேங்குது" என்றான். கோபத்தில் சொல்லவில்லை, என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னான். அதுதான் இன்னும் அறுக்கிறது.

இப்போது அம்மாவும் தன் வைப்புத்தொகையில் பெரும்பகுதியை எடுத்து அந்தக் குழுவுக்குக் கொடுக்கப் போகிறார். கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். நம்பிக்கைக்கும் பணத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா? அம்மாவிடம் எப்படிப் பேசுவது? மதத்தைத் திட்டும் பதில்கள் வேண்டாம், தயவுசெய்து.

பொருளியல் மாணவன்:

அக்கா, நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். உலக அளவில் பார்த்தால் உங்கள் தம்பி சொல்வதற்கு நிலைமை நேர் தலைகீழ். 2009-இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 114 நாடுகளில் "உங்கள் அன்றாட வாழ்வில் மதம் முக்கியமா?" என்று கேட்டது. தலைக்கு ஆண்டு வருமானம் 2,000 டாலருக்கும் குறைவான நாடுகளில் வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிற நாட்டில் நூற்றுக்கு 95 பேர் ஆமாம் என்றார்கள். 25,000 டாலரைத் தாண்டிய நாடுகளில் 47 பேர்தான். பணக்கார நாடுகளில் 65 பேர் ஆமாம் என்ற அமெரிக்காவைப் போல் சில நாடுகள்தான் இதற்கு விலக்கு. பக்தியின் அளவுக்குத்தான் செல்வம் என்றால் இந்த வரிசை இப்படி வந்திருக்காது.

எதிர்த்தரப்பில் எல்லோரும் இழுக்கும் பெயர் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். கிறிஸ்தவர்களில் புராட்டஸ்டன்ட் பிரிவினரின் கடும் உழைப்பும் சிக்கனமும்தான் முதலாளித்துவம் வேர்பிடிக்க உதவின என்று 1904–05-இல் எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 2009-இல், பெக்கர், வோஸ்மன் என்ற இரு பொருளியலாளர்கள் பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் 19ஆம் நூற்றாண்டு மாவட்டவாரிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். புராட்டஸ்டன்ட் மாவட்டங்கள் வசதியாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி எழுத்தறிவிலேயே அடங்கிவிட்டது. ஒவ்வொருவரும் தாமே பைபிளைப் படிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவுக்கு வழிவகுத்த மார்ட்டின் லூதர் வற்புறுத்தினார், அதற்காகப் பள்ளிகள் பெருகின. படிப்பு தொழிலுக்கும் கைகொடுத்தது.

உங்கள் தம்பிக்குச் சாதகமான ஓர் ஆய்வையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மிக ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மட்டும் மதபோதனை வகுப்பு நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது போதனை கேட்டவர்களிடம் பக்தியும் கூடியிருந்தது, வருமானமும் ஓரளவு கூடியிருந்தது. ஆனால் சொத்து, வீட்டுச் செலவு, சாப்பாட்டு நிலைமை எதிலும் தெளிவான மாற்றம் தெரியவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தங்களை முன்பைவிடத் தாழ்வாகவும் மதிப்பிட்டார்கள். கொஞ்சம் உற்சாகம் கிடைக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். கார், வீடு அளவுக்கு அதை இழுக்க முடியாது.

பழைய கணக்கர்:

அம்மா, மேலே மாணவர் சொன்ன ஆராய்ச்சிகளை நான் படித்தவனில்லை. நான் ஒரு வழிபாட்டு அமைப்பில் பல வருஷம் கணக்கு எழுதியவன். எந்த மதம், எந்த இடம் என்பதை விட்டுவிடுங்கள், எங்கே வேண்டுமானாலும் இது நடக்கும்.

எங்களிடம் உறுதிச் சீட்டு என்று ஒன்று இருந்தது, இவ்வளவு காணிக்கை தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. பெயர், தொகை, எத்தனை தவணை, கடைசியில் "வேண்டுதல்" என்று ஒரு கட்டம். அந்தச் சீட்டுகளைப் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. பெரிய தொகை எழுதுகிறவர்கள் வேண்டுதல் கட்டத்தை அநேகமாகக் காலியாக விட்டுவிடுவார்கள், அல்லது "நன்றி" என்று போடுவார்கள். தன் சக்திக்கு மீறி எழுதுகிறவர்களின் கட்டம்தான் நிரம்பி வழியும். ஒரு சீட்டு எனக்கு மறக்கவே இல்லை. முதலில் ஒரு தொகை எழுதி, அதை அடித்து, அதைவிடக் கூட எழுதி, அதையும் அடித்து இன்னும் கூட எழுதியிருந்தது. கீழே: "மகனுக்கு வேலை. இந்த மாதமே." இரண்டாம் தவணைக்குப் பதில் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. "அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடுகிறேன், மன்னிக்கவும்." வேலை இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தாய் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

அங்கே உட்கார்ந்துதான் எனக்கு விஷயம் புரிந்தது. பயம் கூடக்கூடக் காணிக்கை கூடுகிறது. வேலை போவது, நோய் வருவது, கடன் நெருக்குவது, இவைதான் ஆட்களை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தன. வறுமைக்கும் பக்திக்கும் உள்ள தொடர்பு இதுதான் என்பது என் திடமான எண்ணம். உங்கள் தம்பி காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்.

அப்புறம் சாட்சி சொல்லும் கூட்டம். கடன் தீர்ந்தவர், வியாபாரம் பெருகியவர் மேடை ஏறுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறார்கள். தீராதவர்கள் என்ன ஆனார்கள்? கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிடுவார்கள். பேரேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே "செயலற்றவர்" என்று எழுதி ஒரு கோடு போடுவேன். எத்தனை கோடு போட்டேன் என்பது மேடைக்குக் கீழே இருந்தவர்கள் யாருக்கும் தெரியாது. இது இன்றைய சங்கதியும் இல்லை. கடலில் புயலுக்குத் தப்பியவர்கள் கோயிலில் வைத்த காணிக்கைப் படங்களை ஒருவர் காட்ட, "மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே?" என்று தியாகோரஸ் என்ற கிரேக்கர் கேட்டாராம். ரோமானிய எழுத்தாளர் சிசரோ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

அதற்காக உங்கள் தம்பியின் வளர்ச்சிக்கும் குழுவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருடைய முதல் வாடிக்கையாளர்கள் யார், முதல் கடனுக்கு யார் ஜாமீன் நின்றார்கள், நம்பகமான ஆள் யார் மூலம் வந்தார் என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள். வாராவாரம் ஒரே முகங்களைப் பார்க்கிறவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் சுலபம். குடிக்க மாட்டான், ஏமாற்ற மாட்டான், நாளைக்கும் இங்கேதான் இருப்பான் என்ற உத்தரவாதம் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு அது பெரிய மூலதனம், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். கொடுத்தவர்கள் மனிதர்கள், அவர்களுக்கும் அந்த நன்றியில் பங்கு உண்டு.

பொருளியல் மாணவன்:

ஐயா சொன்னதற்கு அப்படியே பொருந்தும் ஓர் ஆய்வு இருக்கிறது. 1997–98-இல் இந்தோனேசியாவில் நாணயம் சரிந்து குடும்பங்கள் தத்தளித்த நேரத்தில் யார் மதவகுப்புகளுக்கு அதிகம் போனார்கள் என்று டேனியல் சென் என்பவர் பார்த்தார். அதிகம் அடிபட்ட குடும்பங்கள்தான். ஆனால் சுலபமாகக் கடன் கிடைக்கிற இடங்களில் இந்தப் போக்கு வெகுவாகக் குறைந்தது. ஆபத்துக்கு உதவ வேறு கை இருந்த இடத்தில் அந்த வேகம் இல்லை.

விசுவாசி:

சகோதரி, நான் கிறிஸ்தவன். தினமும் ஜெபிக்கிறவன். உங்கள் தம்பி சொன்னதைப் படித்ததும் எனக்குத்தான் முதலில் வலித்தது.

பைபிளில் வரும் யோபுவின் கதையை அவர் கட்டாயம் கேட்டிருப்பார். நீதிமான் சொத்தை இழக்கிறார், பிள்ளைகளை இழக்கிறார். பார்க்க வந்த நண்பர்கள், நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், அதனால்தான் இந்தக் கதி என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல் திரும்புகிறது. துன்பத்தில் இருப்பவனிடம் போய் "உன் விசுவாசம் போதாது" என்பது எங்கள் வேதமே கண்டித்த பேச்சு.

காசு கொடுத்தால் அருள் கிடைக்கும் என்ற வியாபாரத்தை எதிர்த்துத்தான் 1517-இல் லூதர் 95 கருத்துரைகளை எழுதினார். அவர் பெயரைச் சொல்லும் சபைகளிலிருந்து கிளைத்தவர்களே பின்னால் அதே கடையைத் திறந்தது பெரிய வேதனை. 1987-இல் அமெரிக்கப் போதகர் ஓரல் ராபர்ட்ஸ், 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தன்னை எடுத்துக்கொள்வார் என்று அறிவித்தார். ஜனங்கள் பயந்து கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் ஐயா சொன்ன அந்தத் தாயைப் போன்றவர்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஒன்றில் மட்டும் ஐயாவோடு ஒத்துப்போக மாட்டேன். பயத்தினால்தான் எல்லோரும் நம்புகிறார்கள் என்பது சரியில்லை. எனக்குக் குறை ஒன்றும் இல்லாத நாளிலும் நான் ஜெபிக்கிறேன். கைம்மாறு எதிர்பார்க்காத காணிக்கையும் உலகத்தில் இருக்கிறது.

பழைய கணக்கர்:

இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. வேண்டுதல் கட்டம் காலியாக வந்த சிறிய சீட்டுகளையும் நான் ஏற்றியிருக்கிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது, ஆனால் அந்தச் சீட்டுகளை எழுதியவர்கள் மேல் மரியாதை போகவில்லை.

நீலவானம்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னதைப் படித்த பிறகு அம்மாவிடம், "இந்தப் பணத்துக்குப் பதிலா நீங்க என்ன கேட்கப் போறீங்க?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "படுத்துட்டா உங்க ரெண்டு பேருக்கும் பாரமா இருக்கக் கூடாது, அது ஒண்ணுதான்" என்றார். இதற்கு மேல் எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

பழைய கணக்கர்:

இனிமேல்தான் பேச வேண்டும் அம்மா. அவர் பயப்படும் விஷயத்துக்கு உதவப்போவதே அந்த வைப்புத்தொகைதான். அதைச் சொல்லுங்கள். மருத்துவச் செலவுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று அவரோடு உட்கார்ந்து தாளில் எழுதுங்கள். அதைத் தனியாக ஒதுக்கிவிட்டு, மாதாமாதம் கையில் மிஞ்சுவதில் அவர் மனசு கேட்கும் தொகையைக் கொடுக்கட்டும். ஒரேயடியாகக் கொடுக்காதே என்பதற்கும் கொடுக்கவே கூடாது என்பதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியும். பக்தியை விடச் சொன்னால்தான் சண்டை வரும். படுத்தாலும் அவர் பாரமில்லை என்பதை நீங்களும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து அவர் காதில் சொல்ல வேண்டும், போனில் வேண்டாம்.

குழுவிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ரசீது உண்டா, தணிக்கை செய்த வரவுசெலவு உறுப்பினர்கள் பார்வைக்கு வருமா, கொடுத்தவருக்கு அவசரம் என்றால் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்குமா. கடைசிக் கேள்விக்கு அநேகமாக இல்லை என்றுதான் வரும். அதை அம்மா நேரில் கேட்கட்டும்.

தம்பியிடம் இந்த ஆராய்ச்சிகளையெல்லாம் எடுத்து வைக்க வேண்டாம், அவர் இன்னும் இறுகிப்போவார். "அத்தானுக்கு வேலை தரக்கூடியவர் உங்க குழுவுல யாராவது இருக்காங்களா? விசாரிச்சு சொல்லுடா" என்று கேளுங்கள். அவருக்கு வழி திறந்துவிட்டதும் அந்த மாதிரி ஓர் ஆளாகத்தான் இருக்கும்.