புகையிலை நீலப் பூஞ்சணம் பரவக் காற்று மட்டும் போதுமா?

கேள்வி – பயிர்நோயியல் மாணவி

வணக்கம். புகையிலையைத் தாக்கும் நீலப் பூஞ்சண நோய்க்கிருமி உறைபனியில் பிழைப்பதில்லை என்று படித்தேன். ஆனாலும் 1979இல் அது அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களைக் கடந்து கனடா வரை சென்றது. அடுத்த பருவத்தில் கியூபாவின் விளைச்சலில் பெரும்பகுதியை அழித்தது. வெப்பமான தெற்கிலிருந்து காற்றுதான் அதை வடக்கே சுமந்து வருகிறது என்றால், எல்லா ஆண்டுகளிலும் அதே அழிவு நேராதது ஏன்?

மறுமொழி 1 – வயல்வரப்பு

காற்று இந்தத் தொடரில் ஒரு கண்ணி மட்டுமே. பெயரில் பூஞ்சணம் இருந்தாலும், இது உருளைக்கிழங்கின் பின்பருவ இலைக்கருகலை உண்டாக்கும் கிருமியைப் போன்ற ஊமைசீட் வகையைச் சேர்ந்தது; அதாவது, பூஞ்சணம் போலத் தோன்றினாலும் உண்மையான பூஞ்சணம் அல்லாத நுண்ணுயிர். ஈரம் இல்லாமல் அதனால் எதுவும் செய்ய இயலாது. காற்றின் ஈரப்பதம் 95 விழுக்காட்டைத் தாண்டி, வெப்பநிலை 15 முதல் 23 டிகிரி வரை இருக்கும் இரவில், இலையின் மேற்புறத்து மஞ்சள் புள்ளிகளுக்கு நேர் அடியில் நீலச்சாம்பல் நிறத்தில் மென்மயிர் போல வித்துகள் (கிருமியைப் பரப்பும் நுண்துகள்கள்) சிறு காம்புகளில் முளைத்து நிற்கும். விடிந்து வெயில் ஏறி, பனி உலரும்போது அவை காம்பிலிருந்து விடுபட்டுக் காற்றில் கலக்கின்றன.

என் கருத்தில், அதற்குப் பிறகு முடிவு மேகத்தின் கையில்தான் இருக்கிறது. தெளிந்த வானில் புறஊதாக் கதிர்கள் சில மணி நேரத்திலேயே பெரும்பாலான வித்துகளைக் கொன்றுவிடும். மேகமூட்டம் இருந்தால் அவை உயிரோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். போய்ச் சேரும் இடத்தில் மழை அவற்றைக் கீழே இறக்கி, இலையையும் நனைத்து வைத்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிய புள்ளிகள் தோன்றும். அங்கிருந்து அடுத்த தாவல் தொடங்கும். வெயில் கொளுத்தும் வறண்ட கோடையில் இந்தத் தொடர் எங்கேனும் அறுந்துபோகிறது.

மறுமொழி 2 – தஞ்சை வேளாண்மை

மேலே சொன்னதை அப்படியே கணிப்பாக மாற்றியவர்கள் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர். நோய் கண்ட வயலிலிருந்து காற்று எந்தப் பாதையில் செல்லும், வழியில் மேகம் உண்டா, சேரும் இடத்தில் மழை உண்டா என்று 1990களில் கணக்கிட்டு, எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஆபத்து என அறிவித்து வந்தார்கள். மெட்டலாக்சில் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வகைகள் பரவிவிட்டதால் இந்த முன்னறிவிப்பு மிகவும் தேவைப்பட்டது; மான்கோசெப் போன்ற மருந்துகள் வித்து வந்து விழும் முன்பே இலையில் படிந்திருந்தால்தான் பயன் தரும்.

மறுமொழி 3 – நாற்றங்கால்

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எல்லாப் பழியையும் காற்றின் மேல் போட்டுவிடக் கூடாது. தெற்கே வளர்த்து வடக்கே விற்கப்படும் நாற்றுகளுடனும் இந்நோய் பயணம் செய்திருக்கிறது. ஐரோப்பாவுக்குள் 1958இல் இது நுழைந்ததும் மனிதர் கையால்தான். இங்கிலாந்தில் முதலில் தென்பட்டு, 1959இல் நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகளை எட்டியது. அதன் பின்னரே ஐரோப்பியக் காற்றும் மழையும் சில ஆண்டுகளில் அதை மத்தியதரைக் கடல் வரை கொண்டுசென்றன. ஆகவே முன்னறிவிப்பைப் பார்க்கும் விவசாயி, நாற்று எங்கிருந்து வந்தது என்பதையும் கட்டாயம் கேட்டறிய வேண்டும். வாங்கிய நாற்றின் இலைகளைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்த பிறகே நட வேண்டும்.