2019 கங்கண கிரகணம்: கூட்டாளிகளோடு பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மணப்பாறைக்காரன்

2019 டிசம்பர் 26 கிரகணத்தை நான் தவறவிட்டேன் என்றுதான் இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். முழுசாக அது உண்மை இல்லை.

கூட்டாளி வீட்டில் நாலு பேர் கூடியிருந்தோம். அறிவியல் இயக்கத்தில் வாங்கிய, கிரகணம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுதான் கையில். எட்டேகாலுக்கே சூரியனில் ஒரு கடி விழுந்துவிட்டது. நிலா நடுவை மறைத்து ஓரம் மட்டும் வளையமாகத் தெரிவது ஒன்பதரைக்கு மேல், அதுவும் மூன்று நிமிடம் போல. நாலு பேருக்கு ஒரு கண்ணாடி என்றால் ஆளுக்கு எவ்வளவு வரும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். "உள்ளே அலமாரியில் இன்னொன்னு இருக்குடா, ஓடு" என்று என்னை விரட்டினார்கள்.

உள்ளறையில் அவன் தங்கை இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். அப்பத்தா சன்னலுக்குச் சாக்கு கட்டி, கதவிடுக்கில் துணி செருகி, புடவையில் தர்ப்பையைச் சொருகி உட்கார வைத்திருந்தது. நாட்டு ஓட்டு வீடு. போன மழைக்குப் பூனை நகர்த்திய ஓடு ஒன்று அப்படியே கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. அந்த இடுக்கு வழியாக வெளிச்சம் சாய்வாக இறங்கி தரையில் விழுந்திருந்தது. புள்ளியாக இல்லை, வளையமாக! எலுமிச்சம்பழ அளவு. கோடு மெல்லிசாக இல்லை, ஓரம் கலங்கின தடித்த வளையம், கொஞ்சம் நீண்டு முட்டை மாதிரி. அவள் சாப்பிட்ட தட்டை எடுத்து அதன் கீழே சாய்த்துப் பிடித்தாள். சாய்க்கச் சாய்க்க முட்டை வட்டமாயிற்று. "அண்ணே, அப்பத்தாகிட்ட சொல்லிராத" என்றாள். அது நகர்ந்துகொண்டே இருந்தது, தட்டையும் கூடவே நகர்த்திக்கொண்டிருந்தாள்.

வெளியே மூன்று பேரும் கத்துவது கேட்கிறது, என் பெயரைச் சொல்லியும் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கால் நகரவில்லை. ஒரு பக்கம் அறுந்து பிறையான பிறகுதான் கண்ணாடி ஞாபகமே வந்தது. "கிரகணத்தன்னிக்கு அலமாரியைப் பார்த்தவன்" என்று இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். அப்பத்தா போன வருடம் காலமாகிவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கடற்கரைப் பேச்சு

மூன்று நிமிடத்துக்கே இந்தப் பாடா? 2010 ஜனவரி 15, தனுஷ்கோடி. வளையம் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது. இந்த ஆயிரமாண்டிலேயே நீளமான கங்கணம் அதுதான், உச்சம் இந்தியப் பெருங்கடலில் 11 நிமிடம் 8 விநாடி. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குக் கிட்டே இருக்கும், சூரியன் ஒரு பொட்டு பெரிதாகத் தெரியும். நிலாவோ அன்றைக்கு எட்டப் போய்ச் சிறுத்திருந்தது. மூடி சிறிசு, பானை பெரிசு.

அன்றைக்குத் தை அமாவாசை வேறு. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் நிற்க இடமில்லை. அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வராத காலம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் மணலில் குலுங்கிக்கொண்டு ஆறு பேர் போனோம்.

ஒன்றே கால் மணிக்கு வளையம் சேர்ந்தது. கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஆனால் எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறு. ஆறாவது நிமிடத்தில் எனக்கு அலுத்துவிட்டது. கழுத்து வலிக்கிறது என்று மணலில் படுத்தேன், பிறகு எழுந்து பையில் முறுக்கைத் தேடினேன். முறுக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் ஒருத்தன் மட்டும் கண்ணாடியை இறக்காமல் நின்றுகொண்டிருந்தான். வரவே மாட்டேன் என்றவனை நான்தான் இழுத்துப் போனேன். அவன் தோளைத் தட்டி முறுக்கை நீட்டினேன். பேசாமல் கையைத் தள்ளிவிட்டான்.

கூடலூர் மழை

நீங்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள். 2019-இல் நாங்கள் ஐந்து பேர் விடியற்காலையில் கார் எடுத்துக்கொண்டு கேரளத்தில் கல்பற்றா போனோம். ஒரே மேகம். ஒன்பதரைக்குச் சாயங்காலம் மாதிரி மங்கிற்று, அவ்வளவுதான். அதே கேரளத்தில் செருவத்தூரில் தெளிவாகத் தெரிந்ததை போனில் நேரலையாகப் பார்த்தோம், மேகத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு. திரும்பி வரும்போது காரில் ஒருத்தரும் பேசவில்லை.

பழைய எக்ஸ்ரே

1980 பிப்ரவரி 16 மாலை. தெருப் பசங்க எல்லோரும் ஒருத்தன் அப்பாவின் கை எக்ஸ்ரே வழியாகப் பார்த்தோம். சூரியனுக்குக் குறுக்கே விரல் எலும்பு. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே யாருமே கண்ணைப் பற்றி எழுதவில்லையே, அதனால் சொல்கிறேன். எக்ஸ்ரே கூடாது. புகை பிடித்த கண்ணாடி கூடாது. இரண்டு மூன்று கூலிங்கிளாஸை அடுக்கிப் பார்ப்பதும் கூடாது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் அகச்சிவப்புக் கதிர் தாண்டி வரும், விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்டது மறுநாள்தான் புரியும். வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண். கடைக்காரர் 11-ஐத் தூக்கிக் கொடுத்து "இதுவே போதும் சார்" என்பார், நம்பாதீர்கள். 2019-இல் வாங்கிய அட்டைக் கண்ணாடியைப் பீரோவில் வைத்திருப்பவர்கள் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஊசி முனை அளவு கீறல் இருந்தாலும் குப்பையில் போடுங்கள். கங்கண கிரகணத்தில் வளையம் சேர்ந்த பிறகும் கண்ணாடியைக் கழற்றக்கூடாது. முழுக் கிரகணத்தில், சூரியன் முழுசாக மறைந்திருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் அந்தச் சலுகை.

கண்ணாடியே இல்லையென்றால் சமையலறைச் சல்லடையை வெயிலில் பிடியுங்கள், ஓட்டைக்கு ஒரு வளையம் தரையில் விழும். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் தாளால் மூடி நடுவில் சிறு துளை விட்டு, நிழலில் இருக்கிற சுவரில் அடித்தால் தெருவே பார்க்கலாம். தமிழ்நாட்டில் அடுத்த கங்கணம் 2031 மே 21-இல் தேனி, மதுரை, காரைக்குடி வழியாகப் போகிறது. மே வெயில், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். மணப்பாறைத் தம்பி, உங்கள் ஓட்டு இடுக்கும் இதே ஊசித்துளைத் தத்துவம்தான். துளை பெரிசு, அதனால்தான் கோடு தடித்தது.

உலக்கை

எக்ஸ்ரே அண்ணனுக்கு நன்றி, ஆனால் யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் 2019 கிரகணத்தன்றைக்குப் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள், நின்றது. கிரகணம் முடிந்தால் விழுந்துவிடும் என்றார்கள். பந்தயம் கட்டி, மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நாங்கள் மூன்று பேர் அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் வைத்தோம். நின்றது. அடிப்பூண் தட்டையாக இருந்தால் எந்தக் கிழமையும் நிற்கும். பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினோம். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நேத்து வீரியம் இன்னும் இறங்கலடா" என்று உள்ளே போய்விட்டது. பந்தயப் பணம் வரவில்லை.

கூடலூர் மழை

மணப்பாறை, அந்தத் தங்கச்சி என்ன ஆனாங்க?

மணப்பாறைக்காரன்

மார்ச்சில் ஆண் குழந்தை, நன்றாக இருக்கிறான். முழங்கையில் ஒரு மச்சம். "அன்னிக்கு எங்கயோ வெளிச்சம் பட்டிருக்கு" என்று அப்பத்தா கடைசிவரை சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தது. அவள் என்னைப் பார்ப்பாள், நான் கூரையைப் பார்ப்பேன்.

அந்த வீட்டை இடித்து மாடி எழுப்பிவிட்டார்கள். 2031-க்கு மதுரைப் பக்கம் நாட்டு ஓட்டு வீடு யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். இந்தத் தடவை கண்ணாடியோடு வருகிறேன், ஆனால் உள்ளேதான் உட்காருவேன்.