ஆசிட் ஜெல்லில் டிஆர்என்ஏ ஒரே பட்டையாக வருகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

ஈ. கோலை பாக்டீரியாவில் அலனின் டிஆர்என்ஏ (புரதம் கட்ட அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் ஆர்என்ஏ) எவ்வளவு அமினோ அமிலம் ஏற்றிய நிலையில் இருக்கிறது என்று நார்தர்ன் பிளாட்டில் (ஜெல்லில் பிரித்த ஆர்என்ஏவை மெம்பிரேனுக்கு மாற்றிக் கண்டறியும் முறை) பார்க்க வேண்டும். ஏற்றியது மெதுவாக நகர்ந்து மேலேயும், வெறுமையானது கீழேயும் தனித்தனியாக நிற்க வேண்டும். ஆனால் பட்டை ஒன்றுதான். பிஎச் 9 டிரிஸ் பஃபரில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து அமினோ அமிலத்தைக் கழற்றிய கன்ட்ரோலும் அதே உயரத்தில் நிற்கிறது.

6.5% பாலிஅக்ரிலமைடு, 8 மோலார் யூரியா, 0.1 மோலார் சோடியம் அசிடேட் (பிஎச் 5), 4 டிகிரி. ஜெல் நீளம் 20 செ.மீ. ஆர்என்ஏ சிதையவில்லை, அதே மெம்பிரேனில் 5எஸ் ஆர்என்ஏ 120 நியூக்ளியோடைடில் கூர்மையாக விழுகிறது.

சந்தேகம் இரண்டு. ஆர்என்ஏ வண்டலைக் கரைத்தது பிஎச் 8 டிஇ பஃபரில் (டிரிஸ்ஸும் இடிடிஏவும் கலந்தது). அமினோ அமிலத்தை டிஆர்என்ஏவோடு இணைக்கும் எஸ்டர் பிணைப்பு காரத்தில் நிற்காது, ஜெல்லுக்கு வருமுன்பே எல்லாம் கழன்றிருக்கலாம். (லோடிங் டையிலும் டிரிஸ் இருக்கிறதா என்று பாருங்கள், பலரும் கோட்டைவிடும் இடம் அது.) இன்னொன்று, அலனின் சிறிய அமிலம், 20 செ.மீ.யில் பிரியாமல் போகலாம்.

கரைப்பதை பிஎச் 5 அசிடேட்டுக்கு மாற்றினால் போதுமா, 40 செ.மீ. ஜெல்லும் வேண்டுமா? அல்லது பெர்அயோடேட் முறைக்கே போய்விடலாமா? அதில் வெறும் டிஆர்என்ஏ கடைசி அடினோசினை இழந்து ஒரு நியூக்ளியோடைடு குறைவதால் சாதாரண ஜெல்லே போதும். அலனினில் செய்து பார்த்தவர்கள் ஓடவிட்ட நேரத்தையும் வோல்டேஜையும் சேர்த்துச் சொல்லுங்கள்.