ஏர்கான் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை: குறை யாரிடம்?

காக்கி புக்கிட் குளிர்

இணைய மன்ற நண்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் பதினான்கு ஆண்டுகளாக ஏர்கான் பொருத்திப் பராமரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். மார்ச் மாதத்திலிருந்து ஒரு டெக்னீஷியனைத் தேடுகிறேன், இன்றுவரை அமையவில்லை. விளம்பரத்தைப் பார்த்து ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள், நால்வர் நேர்காணலுக்கு வந்தார்கள், ஒருவர் சேர்ந்தார். மூன்றாம் நாள் தெம்பனிசில் ஒரு வீட்டில் கெமிக்கல் வாஷ் பாதியில் இருந்தது. அழுக்குத் தண்ணீர் சுவரில் வழியாமலிருக்கக் கட்டிய பிளாஸ்டிக் பை அப்படியே தொங்கிக்கொண்டிருக்க, குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கியவர் திரும்பவே இல்லை.

வெளிநாட்டவரை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். சேவைத் துறை நிறுவனத்தின் மொத்த ஊழியர்களில் 35 விழுக்காட்டினர்தான் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியிலோ நடுத்தரத் திறனாளருக்கான எஸ் பாஸிலோ இருக்கலாம். அரசு வகுத்த குறைந்தபட்சத் தகுதிச் சம்பளத்தை (2024 ஜூலையில் அது 1,600 வெள்ளியாக, அதாவது சிங்கப்பூர் டாலராக, உயர்ந்தது) பெறுபவர்தான் அந்தக் கணக்கில் முழு உள்ளூர் ஊழியர். என்னிடம் அப்படி நால்வர் இருப்பதால் இருவரை எடுக்கலாம். வேலை அனுமதி என்றால் அவர்களும் மலேசியா, சீனா போன்ற சில இடங்களிலிருந்துதான் வர வேண்டும். இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் வரவழைக்க 2023இல் வழி திறந்தது. திருச்சியில் ஐடிஐ முடித்து, ஏர்கானைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பையனுக்கு அந்த வழி இல்லை.

கையில் அழுக்குப் படும் வேலையை நம் இளையர்கள் விரும்புவதில்லை என்பதே நான் கண்டது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பதினாறாம் மாடி

மறுக்கிறேன், ஐயா. பதினொரு ஆண்டுகளாக மின்தூக்கிப் பராமரிப்பில் இருக்கிறேன். கிரீஸ் படாத சட்டை என்னிடம் தீபாவளிக்கு எடுத்தது மட்டும்தான். நீங்கள் எல்லாவற்றையும் எழுதினீர்கள், சம்பளத்தை மட்டும் எழுதவில்லை.

காக்கி புக்கிட் குளிர்

அடிப்படைச் சம்பளம் 2,300 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை, மிகைநேரத்துக்குத் தனி ஊதியம். புதிதாக வருபவருக்கு இது குறைவில்லை.

பதினாறாம் மாடி

புதியவருக்குக் குறைவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டில் அவருக்கு என்ன கிடைக்கும் என்று விளம்பரத்தில் இருந்ததா? எங்கள் வேலையும் சுகமானதல்ல. ஸ்டாண்ட்பை வாரத்தில் கைப்பேசி தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். பின்னிரவு இரண்டு மணிக்கு ஈசூனில் யாரோ மின்தூக்கியில் சிக்கிக்கொண்டார் என்று அழைப்பு வந்தால், மனைவி முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். அப்படியிருந்தும் நான் ஏன் விலகவில்லை? படிப்படியாக உயரும் சம்பள முறை 2014இல் துப்புரவுக்கும் 2016இல் பாதுகாவலுக்கும் கட்டாயமாகி, பிறகு எங்கள் துறைக்கும் வந்தது. எந்தப் பயிற்சியை முடித்தால் எந்தப் படிக்குப் போகலாம், அந்தப் படியில் குறைந்தது எவ்வளவு கிடைக்கும் என்பது எனக்கு முன்பே தெரிந்தது. உங்களிடம் வந்த இளையருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த 2,300 வெள்ளியும் தொங்கிக்கொண்டிருந்த பையும்தான்.

காக்கி புக்கிட் குளிர்

உங்கள் மின்தூக்கிக்கு நகர மன்றம் ஒப்பந்தப்படி பணம் கட்டுகிறது. மின்தூக்கி வாசலில் நின்று யாரும் பேரம் பேசுவதில்லை, தம்பி. என் வாடிக்கையாளர் கைப்பேசியில் நான்கு நிறுவனங்களின் விலையைப் பார்த்துவிட்டு, யூனிட்டுக்கு ஐந்து வெள்ளி குறைப்பவரை அழைக்கிறார். சம்பளத்தை நான் 3,000 ஆக்கினால் அந்த வேறுபாட்டை யார் தருவார்? நாம் எழுதும் இதே இணைய மன்றத்தில் சென்ற மாதம் மலிவான ஏர்கான் சர்வீஸ் எங்கே என்று கேட்டவர்களுக்கு எத்தனை பதில்கள் குவிந்தன என்பதையும் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா

இருவருக்கும் வணக்கம். என் இளைய மகன் அங் மோ கியோவில் உள்ள தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கிறான். உறவினர் திருமணத்தில் அதைச் சொன்னால், "பரவாயில்லை, பிறகு பாலிடெக்னிக்குக்குப் போய்விடலாம்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். நான் ஆறுதல் கேட்கவில்லையே. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த ஊக்கத்தொகையைப் பாருங்கள்: அந்தக் கழகத்தில் படித்து முடித்தவர் முப்பது வயதுக்குள் டிப்ளமோவில் சேர்ந்தால் 5,000 வெள்ளி, முடித்தால் மத்திய சேம நிதிக் கணக்கில் 10,000 வெள்ளி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் டிப்ளமோவுக்கும் அது உண்டு என்பதால் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கையிலுள்ள தொழிலிலேயே ஐந்தாண்டு ஊன்றி நின்று உரிமம் எடுப்பவனுக்கு அதுபோல் ஒரு பரிசு இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. இளையர்கள் அழுக்கை வெறுக்கிறார்கள் என்று எழுதும் ஐயா, பெரியவர்கள் முகம் சுளிப்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

விடுதி வாசி

நான் கட்டுமானத் துறையில் வேலை அனுமதியில் இருப்பவன். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். எனக்கு இங்கே பேச இடமுண்டா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

அண்ணன் சொன்ன அந்தத் திருச்சிப் பையன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, திறன் டெஸ்ட் அடித்து, வட்டிக்கு வாங்கிய பணத்தில் வந்து, இங்கே உயர்திறன் ஊழியருக்கான ஆர்1 தகுதியும் எடுத்துவிட்டேன். கட்டடத்தில் குளிர்சாதனக் குழாய் போடுவதுதான் என் வேலை. செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் விடாவிட்டால் கரிபோல் கருப்பு ஆக்சைடு படிந்து, நாளடைவில் கம்ப்ரஸர் போய்விடும் என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் என் அனுமதி ஒரு முதலாளிக்கும் ஒரு துறைக்கும் கட்டப்பட்டது. காக்கி புக்கிட்டுக்கு நான் பேருந்தில் வரலாம், வேலைக்கு வர முடியாது.

2024 ஜனவரியிலிருந்து ஆர்1 உள்ள என் தலைக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை மாதம் 500 வெள்ளி. அது இல்லாத என் அறைத் தோழருக்கு 900 வெள்ளி. ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். என் முதலாளி என்னைப் படிக்க அனுப்பியது பாசத்தாலா இந்தக் கணக்காலா என்று நான் கேட்கவில்லை. கற்றது எனக்கும் பயன்பட்டது. அதே மாதத்தில்தான் ஒரு உள்ளூர் ஊழியருக்கு ஏழு வெளிநாட்டவர் என்ற எங்கள் துறை வரம்பு ஐந்தாகக் குறைந்தது. 2025 ஜூலையிலிருந்து இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற எல்லையை நீக்கி, வயது வரம்பையும் 63 ஆக்கியிருக்கிறார்கள். ஆள் இல்லை என்று அண்ணன் சொல்வது எனக்குப் புரிகிறது. எனக்குத் தெரிந்து தொழில் கற்ற ஆள் இங்கேயே இருக்கிறான். பக்கத்து வேலிக்குள் இருக்கிறான்.

பதினாறாம் மாடி

தம்பி, உங்களுக்கு நிச்சயமாக இடமுண்டு. ஆனால் அந்த வேலியை எடுத்துவிட்டால் ஐயா 2,300ஐயும் ஏற்ற மாட்டார் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. நீங்கள் வருவது எனக்குப் பிரச்சினையில்லை. உங்களைக் காட்டி என் சம்பளத்தை நிறுத்துவதுதான் பிரச்சினை.

காக்கி புக்கிட் குளிர்

அது என் மீதான நேரடிக் குற்றச்சாட்டு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். விளம்பரத்தில் இரண்டாம், நான்காம் ஆண்டுச் சம்பளத்தையும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடுப்பையும் சேர்க்கிறேன். ஜனவரியிலிருந்து யூனிட்டுக்கு எட்டு வெள்ளி ஏற்றுவேன். போகிற வாடிக்கையாளர் போகட்டும். இளையர்களைப் பற்றிய என் கருத்து மாறவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

உட்லண்ட்ஸ் அம்மா

ஐயா, டிசம்பர் விடுமுறையில் என் மகனை உங்கள் குழுவோடு இரண்டு வாரம் அனுப்பலாமா? கருத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

காக்கி புக்கிட் குளிர்

அனுப்புங்கள், அம்மா. தினப்படி தருவேன், மதியச் சாப்பாடு என் செலவு. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் யூனிட் பக்கம் மட்டும் அவனை விடமாட்டேன். அதற்குப் பயிற்சியும் பாதுகாப்பு வாரும் வேண்டும். காலை எட்டரைக்குக் கடை வாசலில் இருக்கச் சொல்லுங்கள்.