குழந்தை டாக்டருக்கு நாம் எப்படிக் கைகொடுக்கலாம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வாலுப்பையன் அம்மா:
நானே ஆரம்பிக்கிறேன். மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் நின்றுவிட்டது. டாக்டர் கேட்டது மூன்றே கேள்வி. எவ்வளவு நேரம் இருந்தது? உடம்பு முழுக்கவா, ஒரு பக்கம் மட்டுமா? நின்றபின் எவ்வளவு நேரத்தில் உங்களை அடையாளம் தெரிந்தது?

நான் "அரை மணி நேரம் இருக்கும்" என்றேன். கணவர் "இரண்டு நிமிடம்தான்" என்றார். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பாவம். 5 நிமிடத்தைத் தாண்டினால் மருந்து கொடுத்து நிறுத்த வேண்டுமாம். 15 நிமிடத்தைத் தாண்டினால் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்று விட மாட்டார்களாம். என் 'அரை மணி' கணக்கால் ராத்திரி முழுக்க வார்டில் வைத்துப் பார்த்தார்கள்.

மூன்றில் ஒரு பிள்ளைக்கு மறுபடியும் வரலாம் என்று அப்போதே சொல்லியிருந்தார். வந்தது. இந்த முறை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், வாயில் எதையும் வைக்கவில்லை. கணவர் ஃபோனில் எடுத்தார். வீடியோ 1 நிமிடம் 40 விநாடி. டாக்டர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேரே காய்ச்சல் எதனால் என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

வார்டு நர்ஸ்:
எடை என்ன என்று கேட்டால் போன பிறந்தநாளுக்குப் பார்த்த எடையைச் சொல்கிறவர்கள்தான் அதிகம். பிள்ளைகளுக்கு மருந்தே எடையை வைத்துத்தான். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120, சிலதில் 250. ஒரு அம்மா சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றிவிட்டார். பத்து கிலோ பிள்ளைக்கு ஒரே வேளையில் 500 மில்லிகிராம்! "சிவப்பு டப்பா மேடம்" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டு, லேபிளைப் படிக்கச் சொல்லி, கணக்குப் போட்டுப் பார்த்து, பயமில்லை என்று தெரிவதற்குள் டாக்டருக்கு இருபது நிமிடம் போனது. வெளியே வரிசை அப்படியே நின்றது. கொடுத்த மருந்துப் புட்டியைக் கையோடு கொண்டுவாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இரட்டையர் அப்பா:
எல்லாவற்றையும் பெற்றோர் தலையிலேயே கட்டாதீர்கள். ஒரு மருத்துவமனையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எடை பார்ப்பதும் டாக்டர், சீட்டு எழுதுவதும் டாக்டர், ஓஆர்எஸ் எப்படிக் கலக்குவது என்று ஒவ்வொருவருக்கும் சொல்வதும் அதே டாக்டர். நான் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெண் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். மேஜையில் அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. மணி நான்கு. கத்த வேண்டியது அவரிடம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து நிர்வாகத்துக்கு எழுதினேன்: எடை பார்க்கவும் ஓஆர்எஸ் சொல்லிக்கொடுக்கவும் ஒரு ஆளைப் போடுங்கள் என்று. பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது வாசலிலேயே ஒரு நர்ஸ் எடை பார்த்துக்கொண்டிருந்தார். என் கடிதத்தால்தானா, தெரியாது.

நைட் டியூட்டி:
இரட்டையர் அப்பா சார், நன்றி. நான் அந்த டாக்டர் இல்லை, ஆனால் அந்த டப்பா எனக்கும் பழக்கம். இருமலோடு வரும் பிள்ளைக்கு நிமோனியாவா என்று பார்க்க, மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அந்த அளவைத் தொட்டாலே வேகம் என்று கணக்கு. அழுகிற பிள்ளைக்கு எண்ணினால் அந்த எண் எதற்கும் உதவாது. அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு நான் சும்மா உட்கார்ந்து பிள்ளையின் வயிற்றைப் பார்ப்பது போலத்தான் தெரியும். பிள்ளை தூங்கும்போது நீங்களே சட்டையைத் தூக்கி எண்ணி, எழுதிக்கொண்டு வந்தால் உங்களுக்குக் கோயில் கட்டுவேன். நானும் ஒரு தடவை எண்ணுவேன், அது வேறு.

அப்புறம், "ஆன்டிபயாடிக் எழுதுங்க டாக்டர்" என்று வற்புறுத்தாதீர்கள். வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது என்று புரியவைக்க ஆகும் நேரத்தில் இன்னொரு பிள்ளையைப் பார்த்துவிடலாம்.

புது அம்மா:
வலிப்பு வந்தால் வீடியோ எடுங்கள் என்கிறீர்கள். நான் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன். பிள்ளையை யார் பார்ப்பது?

நைட் டியூட்டி:
தனியாக இருந்தால் வீடியோ வேண்டாம். பிள்ளை பக்கத்திலேயே இருங்கள். தொடங்கியதும் ஒரு தடவை கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ்.